படுக்கையருகே வரவேண்டிய விண்ணப்பம்: செங்கோட்டை வட்டத்தில் மருத்துவக் கட்டண உதவி

மருத்துவமனைக் கட்டணத்தைக் குறைக்கக் கோரும் குடும்பம் எங்கே விண்ணப்பிக்க வேண்டும்? தமிழ்நாட்டில் இதற்கான விடை பெரும்பாலும் மருத்துவமனைக்கு வெளியேதான் இருக்கிறது. செங்கோட்டையில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்து தென்காசியிலோ பாளையங்கோட்டையிலோ சேர்த்துவிட்டால், உடன்வந்தவர்களில் ஒருவர் நோயாளியோடு இருந்துகொள்ள, அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாத வீடாயின் இன்னொருவர் பஸ் ஏறி ஊர் திரும்புகிறார். குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலரின் கையெழுத்தோடு வருமானச் சான்று ஆகியவற்றைத் திரட்டிக்கொண்டு தென்காசி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக் காப்பீட்டு மையத்துக்குப் போகவேண்டும். நோய் ஓரிடத்திலும் உதவி வேறோரிடத்திலும் இருக்க, நடுவே அலைவது வீட்டில் கூலிக்குப் போகும் ஆள்.

இதை நிர்வாகச் சுணக்கம் என்று சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். நான் அப்படிக் கருதவில்லை. உதவிக்குத் தகுதியானவர் யார் என்பதைக் கட்டணச் சீட்டு வருவதற்கு முன்பே, பெரும்பாலும் ஆண்டு வருமானத்தை வைத்து முடிவு செய்யும் அமைப்பின் இயல்பான விளைவு இது. கட்டணம் அந்தக் குடும்பத்தை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்க்கும் கடமை மருத்துவமனைக்கு இல்லை. அந்தக் கடமையை மருத்துவமனையின்மேல் வைக்காதவரை, காப்பீட்டுத் தொகையை எத்தனை முறை உயர்த்தினாலும் விளிம்பில் நிற்பவர்கள் விழுந்துகொண்டேதான் இருப்பார்கள்.

மாநில அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் சாதனையை முதலில் சொல்லியாக வேண்டும். 2009 ஜூலை 23 அன்று கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியபோது, ஒரு குடும்பத்துக்கு 4 ஆண்டுகளில் மொத்தம் 1 லட்ச ரூபாய் வரை உயிர்காக்கும் சிகிச்சைக்குக் கிடைத்தது. 2012 ஜனவரி 11 அன்று அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. ஆண்டுக்கு 1 லட்சம், குறிப்பிட்ட சில சிகிச்சைகளுக்கு 1.5 லட்சம். 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தபின் வரம்பு ஆண்டுக்கு 5 லட்சமாயிற்று. ஆட்சிகள் மாறியும் பெயர் மாறியும் திட்டம் அறுபடவில்லை. அரசு மருத்துவமனைகளும் இதில் பங்கேற்பதால், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கும் செய்த சிகிச்சைக்கான தொகை வந்து சேர்கிறது. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளில் மருந்துத் தட்டுப்பாட்டைக் குறைத்ததையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், இந்தியாவின் பல மாநிலங்களைவிட இங்கே ஏழை நோயாளியின் நிலை மேல்தான்.

சிக்கல் வருமான வரம்பில் தொடங்குகிறது. 2009இல் ஆண்டுக்கு 72,000 ரூபாய் என்று வைத்த வரம்பு 2022 வரை நகரவே இல்லை. மாதம் 6,000 ரூபாய். அதற்குள் அரிசி விலையும் கூலியும் எங்கெங்கோ போய்விட்டன. 2022இல் 1,20,000 ஆக, அதாவது மாதம் 10,000 ஆக உயர்ந்தது. கணவன் கட்டட வேலைக்கும் மனைவி பீடி சுற்றவும் இருக்கிற ஒரு வீட்டில், வேலை ஒழுங்காகக் கிடைத்த ஆண்டில் இந்தத் தொகையைத் தாண்டிவிடுவது எளிது. மழையிலும் நோயிலும் வேலை முடங்கிய ஆண்டில் எட்டாமலும் போகும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று வாரந்தோறும் கணக்குப் பார்த்து வாங்கும் பெண்ணுக்கு ஆண்டு வருமானம் என்று ஓர் உறுதியான எண் கிடையாது. கடையம், ஆலங்குளம், பாவூர்ச்சத்திரம், கடையநல்லூர் என இந்த மாவட்டத்தின் பெரும்பகுதிக்கும் இது பொருந்தும்.

ஆகவே சான்றில் எழுதப்படும் தொகை பெரும்பாலும் அளந்து எழுதப்பட்டது அன்று. வரம்புக்குள் அடங்க வேண்டும் என்பதை எல்லாரும் அறிந்து எழுதுவது. கிராம நிர்வாக அலுவலர் இரக்கமுள்ளவராக இருந்தால் காரியம் எளிதாக முடிகிறது. விதியை எழுத்துக்கு எழுத்து பார்ப்பவராக இருந்தால், ஓட்டு வீடும் ஒரு மோட்டார் சைக்கிளும் தடையாகிவிடலாம். அலுவலரைக் குறைசொல்லிப் பயனில்லை. அளக்க முடியாததை அளந்து கையெழுத்திடச் சொல்கிறோம். இப்படி ஒரு சான்று ஏழையைப் பணக்காரரிடமிருந்து பிரிப்பதைவிட, ஆள் தெரிந்தவரை ஆள் தெரியாதவரிடமிருந்து பிரிப்பதே மிகுதி. வரம்புக்கோட்டின் அநீதி இன்னொரு வகையிலும் தெரிகிறது. ஆண்டுக்கு 1,10,000 ஈட்டும் வீட்டுக்கு 5 லட்சம் வரை காப்பு உண்டு. 1,30,000 ஈட்டும் வீட்டுக்கு 3 லட்ச ரூபாய்க் கட்டணம் வந்தால் ஒன்றுமில்லை. அது அந்தக் குடும்பத்தின் இரண்டு ஆண்டு வருமானத்தைவிட அதிகம். ஒரு வீட்டின் மொத்தச் செலவிலோ வருமானத்திலோ பத்தில் ஒரு பங்கை மருத்துவச் செலவு தாண்டினாலே அது கவலைக்குரிய சுமை என்பது ஐக்கிய நாடுகள் அவையின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 2025 வரை ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்த அளவுகோல். அங்கே எண்ணப்படுவது வருமானத்துக்கும் செலவுக்கும் உள்ள விகிதம். நம் திட்டம் விகிதத்தின் ஒரு பாதியை மட்டும் பார்க்கிறது.

பீடித் தொழிலாளர்களுக்குத் தனி நிதி ஒன்று உண்டு. 1976இன் பீடித் தொழிலாளர் நலநிதிச் சட்டத்தின்கீழ் முக்கூடலில் மருத்துவமனையே நடக்கிறது. தொழிலாளர் அடையாள அட்டை உள்ளவருக்குப் புற்றுநோய், இதய நோய், சிறுநீரக மாற்று ஆகியவற்றுக்கு உதவித்தொகையும் உண்டு. இதய நோய்க்கு 1,30,000 ரூபாய் வரை. ஆனால் இது முதலில் செலவு செய்துவிட்டுப் பிறகு பில்லைக் காட்டித் திரும்பப் பெறுவது. முதலில் செலவு செய்யப் பணமிருக்கும் வீடு இந்த நிதியைத் தேடி வரப்போவதில்லை. கடன் வாங்கிக் கட்டியபின் பில்லை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் மாதங்களுக்கான வட்டியை எந்த விதியும் ஈடுகட்டுவதில்லை. இந்த நிதிக்கு ஊற்றாக இருந்த பீடி மீதான தீர்வையும் 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது நீங்கிவிட்டது.

இனி மருத்துவமனைகளின் பக்கம் வருவோம். தேசிய மாதிரி ஆய்வு அலுவலகத்தின் 75ஆம் சுற்று (2017–18), பிரசவம் நீங்கலாக ஒருமுறை உள்நோயாளியாகச் சேர்வதற்கான சராசரி மருத்துவச் செலவை நாடு முழுமைக்கும் கணித்தது. அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாய், தனியாரில் 31,845. அறக்கட்டளை, தொண்டு நிறுவன மருத்துவமனைகளில் 24,452. இந்த மூன்றாவது எண்தான் என்னைத் திடுக்கிட வைத்தது. அறம் என்ற பெயரில் வரிவிலக்குப் பெறும் மருத்துவமனையின் செலவு, தனியார் மருத்துவமனையின் செலவுக்கு அருகில் நிற்கிறது. அரசு மருத்துவமனைக்கு அருகில் இல்லை. இதற்குச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. 1961இன் வருமான வரிச் சட்டம், பிரிவு 2(15)இல், அறச்செயல் என்பதற்குள் ஏழைகளுக்கு நிவாரணம் என்பதையும் மருத்துவ உதவி என்பதையும் தனித்தனியே வைத்தது. மருத்துவம் செய்தாலே அறம். அதை ஏழைக்குக் குறைத்துச் செய்யவேண்டும் என்ற நிபந்தனை அந்த வரையறையில் இல்லை.

மும்பையில் இந்த ஓட்டையை ஓரளவு அடைத்திருக்கிறார்கள். பம்பாய்ப் பொது அறக்கட்டளைகள் சட்டத்தின் 41ஏஏ பிரிவையொட்டி, 2006 முதல் உயர்நீதிமன்றம் வகுத்த திட்டப்படி, அறக்கட்டளை மருத்துவமனைகள் 10 விழுக்காடு படுக்கைகளை வறியவர்க்கு இலவசமாகவும், இன்னொரு 10 விழுக்காட்டை நலிந்தோருக்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்கவேண்டும். மொத்தக் கட்டண வசூலில் 2 விழுக்காட்டை வறிய நோயாளர் நிதிக்கு வைக்கவேண்டும். அங்கேயும் வருமான வரம்பு உண்டு. மீறல்கள் பற்றிய புகார்களும் ஓயவில்லை. ஆனாலும் கடமை யாருடையது என்பதில் ஐயமில்லை. டெல்லியில் சலுகை விலையில் அரசு நிலம் பெற்ற மருத்துவமனைகள் உள்நோயாளிகளில் 10 விழுக்காட்டினருக்கும் புறநோயாளிகளில் 25 விழுக்காட்டினருக்கும் இலவசமாகப் பார்க்கவேண்டும் என்பதை 2018இல் உச்சநீதிமன்றமே உறுதிசெய்தது.

அமெரிக்காவின் மருத்துவக் கட்டணங்களை யாரும் முன்மாதிரியாகச் சொல்லமாட்டார்கள். இருந்தும், 2010இல் அங்கே நிறைவேறிய சட்டத்தில் நமக்குப் பயன்படும் ஒரு கூறு இருக்கிறது. வரிவிலக்குப் பெறும் இலாப நோக்கற்ற ஒவ்வொரு மருத்துவமனையும் கட்டண உதவிக்கான கொள்கையை எழுத்தில் வைத்து, நோயாளிக்குத் தெரிவிக்கவேண்டும். வீடு திரும்பியபின் முதல் கட்டணச் சீட்டு வந்த நாளிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பத்தை ஏற்கவேண்டும். தகுதி பெற்றவரிடம், காப்பீடு உள்ளவர்களுக்குப் பொதுவாக விதிக்கும் தொகைக்கு மேல் வாங்கக்கூடாது. யாருக்கு எவ்வளவு குறைப்பது என்பதைச் சட்டம் நிர்ணயிக்கவில்லை, அது பெரிய குறை. என்றாலும் கட்டணச் சீட்டு கைக்கு வந்தபிறகும் கேட்கலாம் என்ற கால இடைவெளியை அது உரிமையாக்குகிறது. நம் முறையில் காப்பீட்டின் முன் அனுமதி கிடைக்காமல் சிகிச்சை முடிந்துவிட்டால், அத்தோடு கதவு பெரும்பாலும் அடைந்துவிடுகிறது.

செங்கோட்டைக்கு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்த ஊர் இது. எல்லைக்கோடு மாறியபின்னும் கொள்வினை கொடுப்பினையும் பிழைப்பும் ஆரியங்காவு வழியே மேற்கே போய்க்கொண்டுதான் இருக்கின்றன. புனலூரில் வேலை பார்ப்பவருக்குக் குடும்ப அட்டை செங்கோட்டையில் இருக்கும். திருவனந்தபுரத்தில் சேர்க்கப்படும்போது, ஆயுஷ்மான் பாரத் பட்டியலில் அவர் குடும்பம் இருந்தால் அட்டை எல்லை தாண்டியும் செல்லும். மாநில அரசு தன் செலவில் மட்டும் சேர்த்த குடும்பமானால் அந்த வசதி இல்லை. இரண்டு வகையும் ஒரே அட்டைதான் என்று நம்பியிருக்கும் வீட்டுக்காரருக்கு இந்த வேறுபாடு கட்டணம் கட்டும் இடத்தில்தான் தெரியவருகிறது.

அதே திருவனந்தபுரத்தில் மாற்றுவழி ஒன்றும் நெடுங்காலமாக இருக்கிறது. திருவிதாங்கூர் அரச குடும்பம் 1973இல் கொடுத்த கட்டடத்திலிருந்து வளர்ந்து, 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில், மருத்துவச் சமூகப் பணியாளர்கள் நோயாளியின் குடும்பத்தோடு பேசி, பொருளாதார நிலையை மதிப்பிட்டு, கட்டணச் சலுகைக்கான வகையை முடிவு செய்கிறார்கள். கேள்வி கேட்கப்படுவது மருத்துவமனைக்குள். கேட்பவர் அந்த வேலைக்கென்றே பயின்றவர். உள்ளே, வெளியே என்று இரண்டே நிலை வைக்காமல் படிப்படியாகக் குறைக்கவும் முடிகிறது. இதில் நோயாளி தன் வறுமையை அந்நியரிடம் விவரிக்க வேண்டியிருக்கிறது, உண்மைதான். ஆனால் அவருக்குத் தெரிந்த ஊர்க்காரர்கள் முன்னால் விவரிக்க வேண்டியதில்லை.

சான்று கேட்காவிட்டால் வசதியுள்ளவர்கள் புகுந்துவிடுவார்கள் என்பது வழக்கமான மறுப்பு. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இதற்கு நடைமுறையிலேயே பதில் சொல்லிவிட்டது. 1988 முதல் அதன் திருநெல்வேலி மருத்துவமனையும் இயங்குகிறது. அங்கே கட்டணப் பகுதிக்குப் போவதா, இலவசப் பகுதிக்குப் போவதா என்பதை நோயாளியே தேர்ந்துகொள்கிறார். வருமானச் சான்று தேவையில்லை. சிகிச்சையின் தரம் ஒன்று, தங்கும் வசதி வேறு. கண்புரை அறுவையைப்போல எண்ணிக்கை மிகுந்த, செலவை முன்கூட்டியே கணிக்கக்கூடிய சிகிச்சைக்கு இது பொருந்தும். மாதக்கணக்கில் நீளும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இதை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மக்களை நம்பினால் திவாலாகிவிடுவோம் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்பதை அரை நூற்றாண்டு அனுபவம் காட்டுகிறது.

தமிழ்நாடு அரசுக்கும் இந்த நம்பிக்கை புதிதல்ல. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், மாநில எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர் யாராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடக்கத்தில் 81 சிகிச்சை முறைகளுக்கு 1 லட்ச ரூபாய் வரை. அட்டை வேண்டாம், வருமான வரம்பில்லை, எந்த மாநிலத்தவர் என்ற கேள்வியும் இல்லை. குற்றாலத்தில் சாரல் பிடிக்கும் மாதங்களில் புளியரை சாலையில் அடிபடும் கொல்லத்துக்காரருக்கும் அது உண்டு. காயமே தகுதி, அரசிடம் பணம் கோருவது மருத்துவமனையின் வேலை. சாலையில் விழுந்தவருக்குச் செய்ய முடிந்ததை, மாரடைப்பில் விழுந்தவருக்கு முதல் இரண்டு நாளாவது ஏன் செய்யக்கூடாது? அந்த இரண்டு நாளில்தான் குடும்பம் நகையை அடகு வைக்கிறது.

ஆக, மாற்றத்துக்கான கருவிகள் அனைத்தும் நம்மிடமோ பக்கத்து ஊர்களிலோ இருக்கின்றன. அரசுக் காப்பீட்டுப் பணமோ அறக்கட்டளை வரிவிலக்கோ பெறும் மருத்துவமனை, சேர்க்கையின்போதே உதவி விண்ணப்பத்தைத் தமிழில் தரவேண்டும். நிரப்ப உதவும் சமூகப் பணியாளர் ஒருவரையும் வைத்திருக்கவேண்டும். வரம்புக்கோட்டுக்குச் சற்று மேலே நிற்கும் குடும்பத்துக்குக் கட்டணத்தின் சுமையைப் பொறுத்துப் பகுதி உதவி வேண்டும். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை, தொழிலாளர் நல வாரிய அட்டை ஆகியவற்றையே போதிய சான்றாக ஏற்றால் ஊருக்குத் திரும்பும் பயணம் பலருக்கு மிச்சமாகும். கட்டணம் கட்டாததற்காக நோயாளியையோ உடலையோ நிறுத்திவைக்கக்கூடாது என்று தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வகுத்த நோயாளர் உரிமைப் பட்டயம் சொல்கிறது. அதையும் கட்டணம் செலுத்துமிடத்திலேயே எழுதி ஒட்டவேண்டும்.

இவற்றில் சிலவற்றுக்குச் சட்டமோ அரசாணையோ வேண்டும், காலமும் பிடிக்கும். ஒன்றுக்கு மட்டும் காத்திருக்க வேண்டியதில்லை. காப்பீட்டுத் திட்டத்தின் மாவட்டக் கண்காணிப்பு, குறைதீர்ப்புக் குழுவுக்கு ஆட்சியரே தலைவர். முன் அனுமதி மறுக்கப்பட்டாலோ, சிகிச்சை திட்டப் பட்டியலில் இல்லை என்றாலோ, குடும்பத்துக்கு இன்று கிடைப்பது ‘அப்ரூவல் வரலை’ என்ற வாய்ச்சொல். அந்த மறுப்பைக் காரணத்தோடும் தேதியோடும் தமிழில் எழுதி, அன்றைக்கே நோயாளியின் வீட்டார் கையில் கொடுக்கவேண்டும் என்று தென்காசி மாவட்டத்து மருத்துவமனைகளுக்கு அக்குழு அறிவுறுத்தலாம். அந்தத் தாள் இருந்தால்தான் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவோடு இணைக்க ஏதாவது இருக்கும்.