தாழ்ந்து சென்ற வண்டிகள்

மோட்டார்க் காரின் பின்புறத்தைத் தாழ்த்துவது என்பது, அதன் வில்லுக்கும் அச்சுக்கும் உள்ள உறவை மாற்றுவதேயாகும். பழைய அமெரிக்கக் கார்கள் பலவற்றில், பின் அச்சுக்கு அடியில் தகட்டு வில் தொங்கும்; இரண்டையும் யு வடிவ போல்ட்டுகள் பிணைத்து நிற்கும். இடையே ஓர் இரும்புக் கட்டையைச் செருகினால், கட்டையின் உயரம் எவ்வளவோ அவ்வளவு வண்டியின் உடல் கீழே இறங்கும். நம் பழைய நாற்சக்கரச் சரக்கு வாகன்களில் வில்லானது அச்சுப்பெட்டியின் மேல் அமர்வதால், அங்கே கட்டை செருகினால் வண்டி உயரத்தான் செய்யும் என்பதை ரயில்வே அன்பர்கள் எளிதில் உணர்வர்.

இச்சிறு வேலைக்குப் பின்னே ஒரு சமூகத்தின் வரலாறு உண்டு. இரண்டாம் உலக மகாயுத்தத்திற்குப் பின், கலிபோர்னியா மாகாணத்து லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வாழ்ந்த மெக்சிகோ வழிவந்த இளைஞர்கள், கைக்கெட்டிய விலையில் பழைய செவர்லே கார்களை வாங்கினர். ஏனைய இளைஞர் பலர் எஞ்சினைத் திருத்தி வேகத்தை நாடிய காலம் அது. இவர்களோ வண்டியைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, விட்டியர் பூல்வார்டு என்னும் வீதியில் ஊர்வலம்போல மெல்லச் செலுத்தினர். முதலில் பின்பெட்டியில் மணல் மூட்டையும் சிமெண்ட் மூட்டையும் ஏற்றினர். பின்னர்ச் சுருள்வில்லில் சில சுற்றுகளை அறுத்தனர். சிலர் வில்லைப் பழுக்கக் காய்ச்சித் தொய்யவிட்டனர். இது எளிய வழியே, ஆயினும் எஃகின் பதம் கெட்டுவிடும் என்பதைக் கொல்லர் எவரும் கூறுவர். மிகத் தாழ்த்தினால் பள்ளந்தோறும் அச்சு மேலெழுந்து சட்டத்தில் மோதும். ஆதலின் அவ்விடத்தில் சட்டத்தை வளைவாக வெட்டி, மேலே தகடு வைத்துப் பற்றவைத்தனர். பட்டறை வேலையில் இவர்களது திறம் நம் வியப்புக்குரியது.

1950களின் இறுதியில் மாகாண அரசு ஒரு விதி செய்தது. மாற்றியமைத்த காரில், சக்கரத்து ரிம்மின் அடிமட்டத்திற்குக் கீழே வேறெந்தப் பாகமும் இறங்கலாகாது என்பதே அது. டயர் வெடித்தால் வண்டி ரிம்மின் மீது நிற்க வேண்டும் என்பது இதற்குச் சொல்லத்தக்க நியாயம். ஆனால் அவ்விதி எவர்மீது பாய்ந்தது என்பதை நாம் மறைத்தல் தகாது. மெக்சிகோ வழியினரின் வண்டிகளே போலீசாரால் நிறுத்தப்பட்டன.

இதற்கு விடை கண்டவர் சான் பெர்னார்டினோவைச் சேர்ந்த ரான் அகிரே. 1959இல், ஆகாய விமானத்திலிருந்து கழிக்கப்பட்ட ஹைட்ராலிக் பம்புகளைத் தம் 1957ஆம் ஆண்டு கார்வெட் காரில் பொருத்தினார். விசையைத் தட்டினால் வண்டி தாழும்; போலீசார் வந்தால் நொடியில் சட்டப்படி நிமிரும்! அம்முறை விரைவில் முன்னும் பின்னும் நான்கு சக்கரங்களுக்கும் பரவிற்று.

வீதி ஊர்வலத்திற்கும் தடை வந்தது. 1980களில், அத்தகைய தடைகளை விதிக்கும் அதிகாரத்தை மாகாணச் சட்டம் நகரங்களுக்கு அளித்தது. காலம் மாறியது. 1990இல் ஸ்மித்சோனியன் காட்சிசாலை, நியூ மெக்சிகோவிலிருந்து இவ்வகைக் கார் ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. ஜெஸ்ஸி வலாதேஸ் என்பாரின் ‘ஜிப்சி ரோஸ்’, மேனியெங்கும் ரோஜா தீட்டிய 1964ஆம் ஆண்டு இம்பாலா. 2017இல் அது வாஷிங்டன் நகரின் நடுவே கண்ணாடிப் பேழையில் வைக்கப்பட்டது. அப்போதும் கலிபோர்னியாவின் பழைய விதி ஏட்டில் இருக்கவே செய்தது. 2023இல் சட்டசபை அதனை நீக்கியது. ஊர்வலத் தடைக்கு நகரங்கள் பெற்றிருந்த அதிகாரமும் உடன் நீங்கிற்று. 2024 ஜனவரி முதல் தேதி அது நடைமுறைக்கு வந்தது.