‘ஷெட்யூல்’: ஒரு சொல்லும் ஒரு பட்டியலும்

ரயில் நேரத்துக்கு ஷெட்யூல். சினிமாக்காரர்களுக்கு ‘முதல் ஷெட்யூல்’ என்றால் படப்பிடிப்பின் முதல் கட்டம். கிரயப் பத்திரத்தின் கடைசியில் சொத்தின் நான்கு எல்லைகளையும் சொல்லும் ‘தபசில்’ பகுதியும் ஆங்கிலத்தில் ஷெட்யூல்தான். நமது சாதிச் சான்றிதழில் இருப்பதும் இதே சொல்.

லத்தீன் மூலத்தில் இதற்குச் சிறு காகிதத் துண்டு என்று பொருள். ஆங்கிலேயர் சட்டத்தில் அது சட்டத்தின் பின்னால் இணைக்கும் பட்டியல் ஆனது.

1932 புனா ஒப்பந்தத்தில் நம் பெயர் ‘டிப்ரெஸ்டு கிளாசஸ்’, ஒடுக்கப்பட்ட வகுப்பார். 1935 இந்திய அரசுச் சட்டம் அதை ‘ஷெட்யூல்டு காஸ்ட்ஸ்’ என மாற்றியது. 1936 ஆணை மாகாண வாரியாகச் சாதிகளைப் பட்டியலிட்டது. பழைய பெயரில், ஒடுக்கியவர் ஒருவர் உண்டு என்ற குறிப்பாவது இருந்தது. புதிய பெயரில் அதுவும் இல்லை. பட்டியலில் இருப்பவர் என்பது மட்டுமே.

ஆனாலும் அம்பேத்கர் 1942இல் தம் கட்சிக்கு அகில இந்திய ஷெட்யூல்டு காஸ்ட்ஸ் ஃபெடரேஷன் என்றே பெயரிட்டார். காரணம், பட்டியலில் இருப்பது ஓர் உரிமை. தனித்தொகுதி, கல்வி, வேலை, பின்னாளில் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என எல்லாம் அதைப் பிடித்தே வந்தன.

உரிமை தரும் பட்டியல்தான் சிலரை வெளியிலும் நிறுத்தியது. 1936 ஆணை இந்தியக் கிறித்தவர்களை விலக்கியது. 1950 குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, பஞ்சாப் பகுதியின் சில சீக்கியச் சாதிகள் தவிர, இந்துக்களை மட்டும் ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறித்தவரும் தலித் முஸ்லிம்களும் இன்றும் வெளியேதான்.

இதன் விலை என்ன? சென்னையில் சாலையோரம் செருப்புத் தைக்கும் பட்டியல் சாதித் தொழிலாளர்களுக்கு அரசு இலவசப் பங்க் கடை கொடுத்தது. அதே தொழில் செய்த, ஆதிதிராவிடராகப் பிறந்த ஒரு கிறித்தவருக்குக் கிடைக்கவில்லை. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். கிறித்தவத்திலும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்வதற்குப் போதிய சான்று இல்லை என்று 1985இல் தீர்ப்பு வந்தது. திருச்சியில் கத்தோலிக்கக் கல்லறைக்குள்ளேயே சாதிச் சுவர் நின்றது நாடறிந்த செய்தி. செத்த பிறகும் தொடரும் தீண்டாமைக்கு வேறென்ன சான்று வேண்டும்?

தோழர்களே, 1950 ஆணை நீளமானதுதான். மூன்றாம் பத்தி ஒரே வாக்கியம். அதை எடுத்து வாசியுங்கள். மாற்ற வேண்டியது அந்த வாக்கியத்தைத்தான். மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் இருக்கிறது. 1956இலும் 1990இலும் அது மாற்றியும் இருக்கிறது.