நூறு புள்ளியும் ஒரே ஒரு அசிஸ்ட்டும்



ஓசூரில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர், கூடைப்பந்து ஸ்கோர் ஷீட் ஒன்றின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சார், இது நிஜமா? ஒரு ஆளே நூறு புள்ளி போட்டாரா?" என்று கேட்டிருந்தார். நிஜம்தான் தம்பி. பதில் நீளமாக வந்துவிட்டதால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

1962 மார்ச் 2. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஹெர்ஷி என்ற சிற்றூர். சாக்லேட் தொழிற்சாலைக்குப் பேர்போன ஊர். பிலடெல்பியா வாரியர்ஸ் அணி, கூட்டம் சேர்ப்பதற்காகச் சில ஆட்டங்களை இப்படி வெளியூரில் வைக்கும். சென்னை டீமின் ஆட்டத்தைக் கிருஷ்ணகிரியில் வைத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று எதிரணி நியூயார்க் நிக்ஸ். வந்த கூட்டம் 4,124 பேர். டி.வி. ஒளிபரப்பு கிடையாது. இன்றுவரை அந்த ஆட்டத்தின் வீடியோ எங்கும் இல்லை. மிஞ்சியவற்றில் கடைசிப் பகுதியின் ரேடியோ வர்ணனையும், இந்த ஸ்கோர் ஷீட்டும் உண்டு.

வில்ட் சேம்பர்லின், ஏழடிக்கு மேல் உயரம். முதல் கால் பகுதியில் 23 புள்ளி, இரண்டாவதில் 18, மூன்றாவதில் 28, கடைசியில் 31. கூட்டிப் பாருங்கள், நூறு. இன்னொரு வழியிலும் கூட்டலாம். அந்தக் காலத்தில் மூன்று புள்ளிக் கோடு அங்கே வரவில்லை (அது 1979-ல்தான் வந்தது). கூடை போட்டால் 2, ஃப்ரீ த்ரோ போட்டால் 1. அவர் போட்டது 36 கூடை, 28 ஃப்ரீ த்ரோ. 72-ம் 28-ம் நூறு. விடையை இரண்டு வழியில் சரிபார்க்க வேண்டும் என்று உங்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

ஃப்ரீ த்ரோவில் அவர் எப்போதுமே கொஞ்சம் மட்டம். அந்த சீசன் முழுவதும் நூற்றுக்கு அறுபத்தொன்று அளவில்தான் போட்டார். அன்று 32-க்கு 28. இரண்டு கையாலும் பந்தைக் கீழிருந்து மேலே தூக்கிப் போடும் முறை, பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள். பிற்பாடு அதை அவரே விட்டுவிட்டார். பலன் கொடுத்த முறையைக் கேலிக்காக விடுவதா என்று எனக்கு இன்றும் தோன்றும்.

இனி மற்ற வரிகளுக்கு வருவோம். இதற்காகத்தான் இந்தப் பதிவே.

அணி எடுத்தது 169. நூறு போக மீதி 69 யாருடையது? அரிசின் 16, மெஷரி 16, ஆட்டில்ஸ் 17, ராட்ஜர்ஸ் 11, லாரீஸ் 9. இதில் அல் ஆட்டில்ஸ் வரியைப் பாருங்கள். எட்டு முறை எறிந்தார், எட்டும் கூடை. ஒரு ஃப்ரீ த்ரோ, அதுவும் விழுந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை. வேறு எந்த நாளிலும் அதுதான் தலைப்புச் செய்தி. அன்று யாரும் கவனிக்கவில்லை. சேம்பர்லின் 63 முறை எறிந்தார், அதில் 27 தவறின.

கை ராட்ஜர்ஸ் கூடை போட்டது ஒன்றே ஒன்று. ஆனால் அசிஸ்ட் 20. அசிஸ்ட் என்றால், அடுத்தவர் கூடை போட ஏதுவாகக் கொடுக்கும் கடைசி பாஸ். அணியின் மொத்த அசிஸ்ட் 39, அதில் பாதிக்கு மேல் இவருடையது. தோற்ற நிக்ஸ் அணியிலும் கெரின் 39, பக்னர் 33, நால்ஸ் 31 என்று மூன்று பேர் முப்பதைத் தாண்டினார்கள். எடுத்த 147 போதவில்லை.

ஷீட்டில் இல்லாததும் உண்டு. எதிராளி எறிந்த பந்தைத் தட்டிவிடும் பிளாக், பந்தைப் பறிக்கும் ஸ்டீல், இரண்டையும் அந்தத் தொடரில் கணக்கெடுக்கத் தொடங்கியதே 1973-74-ல். சேம்பர்லின் தம் காலம் முழுக்கத் தட்டிவிட்ட பந்துகளுக்கு அதிகாரபூர்வக் கணக்கே கிடையாது. கட்டம் போடாததால் நின்றுபோன கணக்கு அது.

அந்தக் கட்டத்தின் அருமை தெரிந்த ஒருவர் அன்று களத்தில் இருந்தார். ஜோ ரக்லிக், மாற்று ஆட்டக்காரர். கடைசி நிமிடங்களில் நிக்ஸ் ஆட்கள் சேம்பர்லினிடம் பந்து போகாமலிருக்க மற்றவர்கள் மேல் வேண்டுமென்றே ஃபவுல் செய்தார்கள். வாரியர்ஸும் பந்தைத் திரும்பப் பெற அதையே செய்தது. ஆட்டம் என்று சொல்ல முடியாதபடி ஆகிவிட்டது. 46 நொடி மிச்சம். ரக்லிக் தானே எறிந்திருக்கலாம், எறியவில்லை. பந்தைச் சேம்பர்லினிடம் கொடுத்தார். நூறு! கூட்டம் களத்துக்குள் ஓடி வருகிறது. ரக்லிக்கோ ஸ்கோரர் மேஜைக்குப் போய், தன் அசிஸ்ட் எழுதப்பட்டதா என்று உறுதி செய்துகொண்டாராம். அவர் வரியில் புள்ளி 0, அசிஸ்ட் 1. பின்னாளில் அவர் பத்திரிகையாளர் ஆனார்.

கூடைப்பந்து நம் பக்கம் வந்த வழியும் தூரமானதில்லை. 1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் நெய்ஸ்மித் இதை உருவாக்கினார். அங்கே படித்த ஹாரி குரோ பக் சென்னைக்கு வந்து 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருப்பது அதுதான். அங்கே பயின்று நம் மாநிலப் பள்ளிகளுக்குப் போன பி.டி. சார்கள் ஏராளம். வளையமும் விதியும் அப்படி நம் ஊர் மைதானம் வரை வந்தன. இந்த ஷீட்டின் கட்டங்கள்தான் முழுசாக வந்து சேரவில்லை. நான் பார்த்த குறுவட்டப் போட்டிகளில் மேலே அனுப்பும் தாளில் வென்ற பள்ளி, தோற்ற பள்ளி, ஸ்கோர், அவ்வளவுதான். யார் போட்டது, யார் பாஸ் கொடுத்தது என்பதெல்லாம் ஸ்கோர் எழுதிய பையனின் நோட்டோடு போய்விடும். அந்த நோட்டும் அடுத்த வருஷம் பழைய பேப்பர் கடைக்கு.

மத்தூர், போச்சம்பள்ளி, ஊத்தங்கரைப் பக்கம் குறுவட்டத்தில் ஆடியவர்கள், ஸ்கோர் எழுதியவர்கள் நிறையப் பேர் இதைப் படிக்கிறீர்கள். பரணில் பழைய நோட்டு இருந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள். நோட்டு இல்லாதவர்கள் எந்த வருஷம், யாரோடு ஆட்டம், உங்கள் பனியன் நம்பர் என்ன, எத்தனை கூடை என்று கமெண்ட்டில் எழுதுங்கள். கூட ஆடியவர்கள் சரி என்று சொன்னால் நான் கட்டம் போட்டு எழுதி வைக்கிறேன். பாஸ் மட்டும் கொடுத்தவர்களும் எழுதலாம்.