இருளும் நிதானமும்: அதிமானுட வீரர் திரைப்படங்களில் பார்வையாளர் எதிர்பார்ப்பு

முன்னுரை

ஒரு கலைப்படைப்பைக் காண வருவோர் வெறும் மனத்தோடு வருவதில்லை. படைப்பின் பெயர், படைத்தவர் பெயர், முன்னர்க் கண்டவை, விளம்பரம் சொன்னவை ஆகிய யாவும் சேர்ந்து, அரங்கின் விளக்குகள் அணையும் முன்னரே ஓர் எதிர்பார்ப்பை உருவாக்கிவிடுகின்றன. அமெரிக்க நாட்டில் 'சூப்பர் ஹீரோ' என வழங்கப்பெறும் அதிமானுட வீரர்களைப் பற்றிய திரைப்படங்களின் வரலாற்றில் இவ்வுண்மை தெளிவாகப் புலப்படுகிறது. வீரனைக் காணச் செல்வோர், தொல்காப்பியம் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் பெருமிதத்தையும் உவகையையும் நாடிச் செல்வது இயல்பு. அவர்களுக்கு அச்சத்தையும் அழுகையையும், அதுவும் மெல்ல மெல்ல, அளிக்க முற்பட்ட படங்களுள் சில பெரும் வரவேற்பைப் பெற்றன, சில புறக்கணிக்கப்பட்டன. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் இருளா, நிதானமா, அன்றி வேறொன்றா என்பது ஆராயத்தக்கது.

இருளின் தோற்றம்

1938இல் சூப்பர்மேனும் 1939இல் பேட்மேனும் காமிக்ஸ் இதழ்களில் தோன்றினர். முன்னவன் பகலுக்குரியவன். பின்னவனோ, பெற்றோர் கொலையுண்டதைக் கண்முன்னே கண்ட சிறுவன். வளர்ந்து இரவில் உலவும் வீரனானவன். எனவே இருள் என்பது பிற்காலத்தார் கொண்டுவந்து சேர்த்ததன்று. கதையின் கருவிலேயே இருந்தது. 1954இல், இவ்விதழ்கள் சிறுவரைக் கெடுக்கின்றன என்ற குற்றச்சாட்டு வலுத்து, அமெரிக்க மேலவையின் துணைக்குழு ஒன்று விசாரணை நடத்தியது. அதனையடுத்துப் பதிப்பாளர்கள் தமக்குத் தாமே ஒரு நெறிமுறையை வகுத்துக்கொண்டனர். நன்மையே எப்போதும் வெல்ல வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. 1966 முதல் 1968 வரை ஒளிபரப்பான பேட்மேன் தொலைக்காட்சித் தொடர் நகைச்சுவையும் பளிச்சிடும் வண்ணமும் நிறைந்ததாக அமைந்தது. ஒரு தலைமுறைக்கு இவ்வீரன் சிரிப்புக்குரியவனாகவே அறிமுகமானான்.

1986இல் ஃபிராங்க் மில்லர் முதுமையுற்ற பேட்மேனைப் படைத்தார். அதே ஆண்டு தொடங்கி ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் 'வாட்ச்மென்' தொடரை வெளியிட்டனர். வளர்ந்த வாசகர்கள் இவற்றை விரும்பிப் படித்தனர். அவ்வகையில், திரைக்கு வருமுன்பே இருளுக்கான எதிர்பார்ப்பு ஏடுகளில் முளைத்துவிட்டது எனலாம்.

பர்ட்டன் கண்ட இரு முடிவுகள்

டிம் பர்ட்டன் இயக்கிய 'பேட்மேன்' 1989இல் வெளிவந்தது. நகைச்சுவை நடிகராக அறியப்பட்ட மைக்கேல் கீட்டன் நாயகனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, தயாரிப்பு நிறுவனத்திற்கு ஏறத்தாழ 50,000 எதிர்ப்புக் கடிதங்கள் வந்ததாகச் சொல்லப்படுகிறது. பழைய தொலைக்காட்சித் தொடரின் கேலிக்கூத்து மீண்டும் வந்துவிடுமோ என்பதே வாசகர்களின் அச்சம். வெளிவந்த படமோ இருள் சூழ்ந்திருந்தது. உலகெங்கும் 40 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது.

1992இல் அதே இயக்குநர், அதே நடிகரைக் கொண்டு 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தை எடுத்தார். முன்னதைக் காட்டிலும் கொடுமையும் துயரமும் மிக்க படம் அது. ஆனால் மெக்டொனால்ட்ஸ் உணவகங்களில் குழந்தைகளுக்கான உணவுப் பொட்டலத்துடன் அதன் பொம்மைகள் வழங்கப்பட்டன. பொம்மையைக் கண்டு பிள்ளைகளை அழைத்துச் சென்ற பெற்றோர் சினமுற்றனர். வருவாயும் முதற்படத்தினும் குறைந்தது. இங்குப் படம் தன் இயல்பில் பிழைக்கவில்லை. பொம்மை சொன்ன செய்தி வேறு, திரை சொன்ன செய்தி வேறு என்பதே பிழை. எனினும் நிறுவனம் குற்றத்தை இருளின்மீதே சுமத்தியது. இயக்குநர் பொறுப்பு ஜோயல் ஷூமாக்கரிடம் சென்றது. 1995இல் வந்த வண்ணமயமான படம் வென்றது. 1997இல் அவ்வண்ணம் எல்லை கடந்தபோது மக்கள் அதனையும் புறக்கணித்தனர். ஒளி மட்டுமே போதும் என்ற கணக்கும் பொய்த்தது.

மறைக்கப்பட்ட வீரன்

இவ்வரலாற்றில் தனித்து நோக்கத்தக்கது 2000ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த 'அன்பிரேக்கபிள்'. இதன் இயக்குநர் எம். நைட் சியாமளன், தமிழ்த் தாய்க்கும் மலையாளத் தந்தைக்கும் 1970இல் மாஹேயில் பிறந்து, பிலடெல்பியா நகரை அடுத்த பகுதியில் வளர்ந்தவர். 1999இல் இவர் இயக்கிய 'தி சிக்ஸ்த் சென்ஸ்' உலகெங்கும் 67 கோடி டாலர் அளவிற்கு ஈட்டியிருந்தது. அடுத்த படத்திலும் அதே நடிகர் புரூஸ் வில்லிஸ். அது காமிக்ஸ் வீரனைப் பற்றிய படம் என்பதை விளம்பரங்கள் மறைத்தன. உளவியல் மர்மப் படம் என்றே முன்னிறுத்தின. காமிக்ஸ் என்றால் சிலரே வருவர் என்று நிறுவனத்தார் கருதியதாக இயக்குநர் பின்னாளில் கூறினார். ஆகவே மக்கள் மற்றுமொரு பேய்க்கதையை எதிர்பார்த்துச் சென்றனர்.

அவர்கள் கண்டதோ மிக நிதானமான ஒரு குடும்பக் கதை. தொடர்வண்டி விபத்தில் ஏனையோர் அனைவரும் இறக்க, காவற்பணியாளன் ஒருவன் மட்டும் ஒரு கீறலுமின்றிப் பிழைக்கிறான். எளிதில் எலும்பு முறியும் நோயுற்ற மனிதன் ஒருவன் வந்து, 'உன்னிடம் இயல்பை மீறிய ஆற்றல் உண்டு' என்கிறான். அதனை நாயகன் நம்புவதற்கே படத்தின் பெரும்பகுதி செலவாகிறது. பெரும் போர்க்களமோ, இடிந்து விழும் மாளிகையோ இல்லை. ஒரே ஒரு வீட்டில், மழையங்கி அணிந்த ஒருவன், ஒரு கொடியவனைப் பிடித்துத் தொங்குகிறான், அவ்வளவே.

ஆயினும் பெருமிதம் இல்லாமலில்லை. மறுநாட்காலை உணவு மேசையில் தந்தை, தன் செயல் அச்சிடப்பட்ட செய்தித்தாளை வாய் பேசாது மகனிடம் நகர்த்துகிறான். மகன் படித்துவிட்டுக் கண்கலங்கத் தந்தையை நோக்குகிறான். தாய்க்குத் தெரியாமல் அவ்விருவருக்குள் நிகழும் அம்மௌனத்திற்காகவே அதுவரை படம் மெல்ல நடந்தது என்பது அப்போது விளங்குகிறது. இருளும் நிதானமும் இப்படத்தில் அணிகளல்ல. பொருளை ஏந்திவரும் கலங்கள்.

எனினும் முதல் வாரத்தில் படம் பார்த்து வெளிவந்தோர் இதற்கு 'சி' என்னும் நடுத்தர மதிப்பையே அளித்தனர். வருவாய் முன்னைய படத்தின் பாதியையும் எட்டவில்லை. பின்னர் இது காமிக்ஸ் வீரனின் கதை என்று அறிந்து பார்த்தவர்கள் இதனைப் போற்றலாயினர். 2017இல் 'ஸ்பிளிட்' படத்தின் இறுதியில் அக்காவற்பணியாளன் சில நொடிகள் தோன்றியபோது ரசிகர்கள் வியந்து மகிழ்ந்தனர். படம் மாறவில்லை, படத்திற்குள் நுழையும் வாயில் மாறியது.

பெயர் செய்த உதவி

2003இல் ஆங் லீ இயக்கிய 'ஹல்க்' தந்தை மகன் உறவின் காயத்தைப் பேசியது. பச்சை நிறப் பூதத்தின் ஆற்றலைக் காண வந்தோர் நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தது. முதல் வார இறுதியில் அமெரிக்காவில் 6 கோடி டாலருக்கு மேல் ஈட்டிய படம், இரண்டாம் வார இறுதியில் ஏறத்தாழ 70 விழுக்காடு சரிந்தது. 2005இல் கிறிஸ்டோபர் நோலன் இயக்கிய 'பேட்மேன் பிகின்ஸ்' படத்திலும் வீரன் தன் உடையில் தோன்ற ஏறத்தாழ ஒரு மணி நேரமாகிறது. ஆனால் 'தொடக்கம்' என்று பெயரே அறிவித்துவிட்டமையால், தொடக்கத்தைக் காணவே மக்கள் வந்தனர். அவ்வாறு வென்ற நம்பிக்கையின் மேல் எழுந்ததே 152 நிமிடம் ஓடும் 'தி டார்க் நைட்'. 2008இல் வந்த அப்படமே இவ்வகைப் படங்களுள் முதன்முதலாக 100 கோடி டாலரைக் கடந்தது. 2022இல் வந்த 'தி பேட்மேன்' 176 நிமிடம் ஓடும் துப்பறியும் கதை. இருளையும் நிதானத்தையும் எதிர்பார்த்தே மக்கள் அதற்குச் சென்றனர்.

இதனால் இருளே வெற்றி தரும் என்று கொள்வதும் பொருந்தாது. 2019இல் 'ஜோக்கர்' வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் விருது பெற்று, 100 கோடி டாலரையும் கடந்தது. அதே இயக்குநரும் நடிகரும் 2024இல் தந்த இரண்டாம் பாகம் பாடல்களும் நீதிமன்றக் காட்சிகளும் கொண்டு வந்தபோது, முதற்பாகத்தின் ரசிகர்களே அதனைக் கைவிட்டனர். ஒரு படம் வளர்த்த எதிர்பார்ப்பே அதன் அடுத்த படத்திற்குப் பகையாயிற்று.

முடிவுரை

மேற்கண்டவற்றால், பார்வையாளர் இருளையும் நிதானத்தையும் வெறுப்பவர் அல்லர் என்பது பெறப்படும். அழைத்தபோது சொன்ன சொல்லும் அரங்கில் கொடுத்த பொருளும் முரண்படும்போதே அவர்கள் பெரிதும் முகஞ்சுளிக்கின்றனர். ஆயினும் அம்முதல் தீர்ப்பே முடிந்த தீர்ப்பும் அன்று. விருந்தின் சுவை இலையில் இருப்பினும், விருந்தினரின் பசி அழைப்பிலேயே தொடங்கிவிடுகிறது. அழைப்புப் பிழையானதால் கைபடாமல் போன இலைகளும் உண்டு. அவற்றைக் காலம் கடந்தேனும் எடுத்துச் சுவைத்துப் பார்ப்பது திறனாய்வாளர் கடனாகும்.