கறுத்த ஃபிலிம் சொன்ன கணக்கு

மும்பைக்கு கேன்சர் வைத்தியத்துக்காக வந்து தங்கும் நம்மூர்க்காரர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது இது: "கதிர்வீச்சு கண்ணுக்கே தெரியாதே சார், சரியான எடத்துல சரியான அளவு விழுதுன்னு எப்படித் தெரியும்?" மருத்துவ இயற்பியல்காரனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். பல வருடங்கள் அதற்குப் பதில் சொன்னது ஒரு துண்டு எக்ஸ்ரே ஃபிலிம்.

1896-ல் பெக்கரல் கதிரியக்கத்தைக் கண்டதே கறுத்துப்போன ஒரு ஃபோட்டோ தகட்டில்தான். ஆனால் கறுத்தது என்பது வேறு, எவ்வளவு கறுத்தது என்பது வேறு. இரண்டாவதற்கான கணக்கு எக்ஸ் கதிருக்கும் மூத்தது. 1890-ல் இங்கிலாந்தில் ஹர்ட்டர் என்ற வேதியியல்காரரும் டிரிஃபீல்ட் என்ற இன்ஜினியரும் (இருவருக்கும் ஃபோட்டோ பைத்தியம்!) விழுந்த ஒளிக்கும் கறுமைக்கும் உள்ள உறவை வளைகோடாக வரைந்தார்கள். இன்றும் எங்களுக்கு அது 'ஹெச் அண்ட் டி' வளைகோடுதான்.

வேலை இப்படி. உடம்புக்குப் பதிலாக பிளாஸ்டிக் பலகைகள், நடுவில் ஃபிலிம். நோயாளிக்குப் போட்ட திட்டத்தை அதன்மேல் ஓட்டி, இருட்டறையில் கழுவி, கறுமையை அளந்து, கம்ப்யூட்டர் சொன்ன டோஸோடு ஒப்பிட வேண்டும். கேட்க சுலபம். டெவலப்பரின் சூடு கொஞ்சம் மாறினாலும் கறுமை மாறிவிடும். அதனால் அதே பெட்டி ஃபிலிமுக்குத் தெரிந்த டோஸ்கள் கொடுத்து, அன்றைய வளைகோட்டை அன்றே வரைய வேண்டும். போதாததற்கு ஃபிலிமில் இருப்பது வெள்ளி. சக்தி குறைந்த சிதறல் கதிர்களை அது தண்ணீரைவிட அதிகமாக விழுங்கும். நம் உடம்போ பெரும்பாலும் தண்ணீர். ஆகவே கதிர்ப்புலத்தின் ஓரத்துக்கு வெளியே ஃபிலிம் கொஞ்சம் மிகைப்படுத்தியே பேசும்.

ஐ.எம்.ஆர்.டி. வந்தபோது இன்னொரு சிக்கல். ஒரு நாள் டோஸ் வழக்கமாக 2 கிரே. பழைய கோடக் எக்ஸ்வி ஃபிலிம் அதற்குள் கறுத்து முடிந்துவிடும். அதிக டோஸ் தாங்கும் இடிஆர்2 வந்தபிறகுதான் முழுத் திட்டத்தையும் ஒரே ஃபிலிமில் பார்க்க முடிந்தது. 2004 வாக்கில் வந்த காஃப்குரோமிக் இபிடி இருட்டறையையே ஒழித்தது: கதிர் பட்டால் தானே நீலமாகும், ஸ்கேனரில் வைத்தால் போதும்.

இப்போது பல இடங்களில் மின்னணுக் கருவிகள்தான். உடனே விடை கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் பலவற்றில் ஒரு உணரிக்கும் அடுத்ததற்கும் நடுவே சில மில்லிமீட்டர் காலி. கட்டி தண்டுவடத்தை ஒட்டியிருக்கும்போது அந்த மில்லிமீட்டர்கள்தான் எனக்குக் கவலை. அங்கே இன்னமும் ஃபிலிமைத்தான் தேடுவேன்.

திட்டம் தயாரான பிறகும் சிகிச்சை ஓரிரு நாள் தள்ளிப்போனால் பதறாதீர்கள். பெரும்பாலும் இந்த அளவெடுப்பு நடந்துகொண்டிருக்கும். முடிவு என்னவென்று இயற்பியல் பிரிவில் தாராளமாகக் கேட்கலாம்.