ஈய பூட்ஸிலிருந்து ட்ரை சூட் வரை: டைவர்கள் சுமந்த எடையின் கதை

தண்ணீருக்குள் மூழ்குவது ரொம்ப சுலபம் என்று தோன்றும். காற்று அடைத்த உடையை மாட்டிக்கொண்டு மூழ்கிப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். கடல் ஆளை உள்ளேயே விடாது! உடைக்குள் இருக்கும் ஒவ்வொரு லிட்டர் காற்றும் கிட்டத்தட்ட ஒரு கிலோவைத் தூக்கி நிறுத்தும். அதை அமுக்குவதற்கு ஈயம் வேண்டும். எத்தனை கிலோ என்பது பள்ளிக்கூடத்து ஆர்க்கிமிடீஸ் கணக்குதான். அந்த ஈயத்தை உடம்பில் எங்கே கட்டுவது என்பதுதான் தலைவலி. இந்தத் தலைவலிக்கு வயது ஏறக்குறைய இருநூறு.

இங்கிலாந்தில் சார்லஸ் டீன் என்பவர் 1823-ல் ஒரு ஹெல்மெட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அது கடலுக்காகச் செய்யப்பட்டது அல்ல, புகை மண்டிய கட்டடங்களுக்குள் நுழைவதற்கு. பிறகு அவரும் தம்பி ஜானும் அதையே டைவிங் ஹெல்மெட்டாக மாற்றினார்கள். தோளில் உட்காரும் அந்த ஹெல்மெட்டின் அடிப்பக்கம் திறந்தே இருக்கும். மேலேயிருந்து பம்ப் அடிக்கும் காற்று கீழ்வழியாக வெளியேறிவிடும். டைவர் நிமிர்ந்து நிற்கும்வரை பிரச்சினை இல்லை. தடுக்கி விழுந்தால் தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

ஜெர்மனியில் பிறந்து லண்டனில் குடியேறிய அகஸ்டஸ் சீபே, 1830-களின் பிற்பகுதியில் ஹெல்மெட்டையும் உடையையும் நீர் புகாதபடி ஒன்றாக இணைத்தார். 1782-ல் எண்ணூறு பேருக்கு மேல் பலிகொண்டு மூழ்கிய ‘ராயல் ஜார்ஜ்’ போர்க்கப்பலின் சிதைவுகளை அகற்றும் வேலை 1839-லிருந்து 1843 வரை நடந்தது. மூடிய உடையின் அருமை அங்கேதான் எல்லோருக்கும் புரிந்தது. டைவர் குனியலாம், விழலாம், தண்ணீர் உள்ளே வராது.

ஆனால் ஒரு பிரச்சினை போய் இன்னொன்று வந்தது. காற்று இப்போது தலையைச் சுற்றி மட்டும் இல்லை, உடை முழுவதும் இருக்கிறது. காற்று எப்போதும் உயரமான இடத்துக்குத்தான் ஓடும். அதை வெளியேற்றும் வால்வு இருப்பதோ ஹெல்மெட்டில். ஏதோ ஒரு காரணத்தால் கால்கள் தலைக்கு மேலே போய்விட்டால் காற்று முழுவதும் கால்களுக்குள் புகுந்துகொள்ளும். வால்வு கீழே, காற்று மேலே. உடை பலூன் மாதிரி உப்பி விறைத்துவிடும், கையை மடக்கி வால்வைத் தொடக்கூட முடியாது. டைவர் தலைகீழாக மேல்மட்டத்துக்கு எகிறுவார். ஆழத்திலிருந்து அந்த வேகத்தில் மேலே வந்தால் நுரையீரல் கிழியலாம், ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ்கள் உருவாகலாம்.

பழைய படங்களில் டைவர்கள் தொம் தொம் என்று நடக்கும் அந்த ஈய பூட்ஸுக்குக் காரணம் இதுதான். அது வெறும் பாரம் அல்ல, காலைக் கீழேயே வைத்திருக்கும் காவல்காரன். அமெரிக்கக் கடற்படை 1916-ல் ஏற்றுக்கொண்ட ‘மார்க் 5’ உடையைப் பார்த்தால் எடையை எப்படிப் பங்கு போட்டார்கள் என்பது தெரியும். இடுப்பு பெல்ட் சுமார் 38 கிலோ, அது நழுவாமல் இருக்கத் தோள்பட்டை வார்கள். பூட்ஸ் ஜோடி சுமார் 16 கிலோ. ஹெல்மெட்டும் மார்புத் தகடும் சேர்ந்து சுமார் 25 கிலோ. போதாக்குறைக்குக் கால்களில் காற்று தங்காதபடி உடையின் கால்பகுதியைப் பின்பக்கம் கயிறு போட்டு இறுக்கினார்கள். தரையில் இரண்டு எட்டு வைப்பதே பெரும்பாடு. ஆனால் கடல் அடியில் நின்று வேலை செய்பவருக்கு இதைவிட நல்ல பங்கீடு இருந்திருக்க முடியாது.

1943-ல் கூஸ்தோவும் காஞானும் ‘அக்வாலங்’ கருவியை உருவாக்கியதும் கதை திசை மாறியது. நடந்தவர் நீந்தத் தொடங்கினார். நீந்துகிறவர் படுக்கைவாட்டில் இருக்க வேண்டும். ஈய பூட்ஸ் போட்டால் கால் தொங்கிவிடும். 1952-ல் அமெரிக்க இயற்பியலாளர் ஹ்யூ பிராட்னர் நியோப்ரீன் வெட் சூட்டை உருவாக்கினார். அதில் கால்களுக்கு ஓடும் காற்று கிடையாது. ஆகவே இடுப்பில் ஒரு பெல்ட், ஒரே இழுப்பில் கழன்றுவிடும் கொக்கி, அவ்வளவுதான். ஆபத்து என்றால் பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மேலே வா என்று சொல்லிக்கொடுத்தார்கள். (மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் இதை எப்போதோ செய்தார்கள். கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கி, அடியில் விட்டுவிடுவார்கள். மேலே இருப்பவர் கயிற்றால் கல்லை இழுத்துக்கொள்வார்.)

குளிர்கடல்களுக்கு வெட் சூட் போதவில்லை. சுவீடனின் பொசைடன் நிறுவனம் கொண்டுவந்த ‘யூனிசூட்’ போன்றவை 1970-களில் பரவின. நீர் புகாத ஜிப், சிலிண்டரிலிருந்து நேராகச் சூட்டுக்குக் காற்று விடும் வால்வு, காற்றை வெளியே விட இன்னொரு வால்வு. உடைக்குள் மறுபடியும் காற்று! அதோடு காலை மேலே தூக்கும் பழைய பூதமும் திரும்பி வந்தது. வெளியேற்றும் வால்வு இப்போது பெரும்பாலும் இடது மேல்கையில். கால் மேலே போனால் அதனாலும் பயனில்லை.

சிலர் கணுக்காலில் அரைக் கிலோ, ஒரு கிலோ ஈயம் கட்டினார்கள். பழைய பூட்ஸின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். அது வேண்டாம் என்பவர்கள் சொல்லும் காரணமும் நியாயமானதே. ஒவ்வொரு உதைக்கும் அந்த எடையையும் சேர்த்து ஆட்ட வேண்டும், மூச்சு வாங்கும், சிலிண்டர் சீக்கிரம் காலியாகும். கால்பகுதி தொளதொளவென்று இல்லாத சூட், முதுகில் எஃகுத் தகடு, சிலிண்டரைக் கொஞ்சம் மேலே கீழே நகர்த்துவது ஆகியவை அவர்களுடைய வழி. குட்டிக்கரணம் போட்டு நிமிரும் பயிற்சியை மட்டும் இரண்டு கட்சியும் விடவில்லை. கால் மேலே போனால் முழங்காலை மார்போடு மடக்கி உருண்டு, தலையை மேலே கொண்டுவந்து காற்றை வெளியே விட வேண்டும்.

பெல்ட்டை அப்படியே கழற்றிப் போடும் பழைய விதியும் இங்கே ஆபத்தானது. ட்ரை சூட் போட்டவர் பத்துப் பதினைந்து கிலோ சுமப்பது சாதாரணம். மொத்தமும் ஒரே நொடியில் போனால் ராக்கெட்தான். அதனால் ஒரு பங்கு உடம்போடு நிலையாக, ஒரு பங்கு கழற்றக்கூடியதாக என்று பிரிக்கும் வழக்கம் வந்தது. எல்லாவற்றையும் கழற்ற முடியாத இடத்தில் வைப்பது எதிர்ப்பக்கத்து ஆபத்து. 2020-ல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஒரு குளிர்ந்த ஏரியில் டைவிங் மாணவி ஒருவர் இறந்தார். சூட்டுக்குக் காற்று தரும் குழாய் இணைக்கப்படவில்லை, சுமார் 20 கிலோ ஈயம் சட்டென்று கழற்ற முடியாத பைகளில் இருந்தது என்று பிறகு தொடரப்பட்ட வழக்கில் சொல்லப்பட்டது. ஆழம் கூடக்கூட அழுத்தத்தில் சூட் இறுகும், மிதப்பு குறையும், இன்னும் வேகமாக மூழ்கும். உடன் இருந்தவர் எடையைக் கழற்றப் பார்த்தும் முடியவில்லை.

எடை அதிகமாக இருப்பது மூழ்கடிக்க மட்டும் செய்வதில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. தேவைக்கு மேல் 4 கிலோ கட்டினால், சமன் செய்யச் சூட்டுக்குள் 4 லிட்டர் காற்று கூடுதலாக விட வேண்டும். 10 மீட்டர் ஆழத்தில் இருக்கும் அந்த 4 லிட்டர், நீர்மட்டத்துக்கு வரும்போது 8 லிட்டராகிவிடும். கால்களுக்கு ஓடப்போவதும் அதே காற்றுதான்.

ரொம்பக் குறைத்தாலும் வம்பு. 12 லிட்டர் எஃகு சிலிண்டரை 232 பாருக்கு நிரப்பினால் உள்ளே இருக்கும் காற்றின் எடையே 3 கிலோவுக்கு மேல். டைவ் முடியும்போது அதில் பெரும்பகுதி போயிருக்கும், ஆள் லேசாகிவிடுவார். அதனால்தான் எடையைச் சரிபார்ப்பதை டைவின் கடைசியில் செய்யச் சொல்கிறார்கள். சிலிண்டரில் 50 பார் மிச்சம், சூட்டில் குளிர் தாங்கும் அளவுக்கு மட்டும் காற்று, 5 மீட்டர் ஆழம். அங்கே மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் மூன்று நிமிடம் நிற்க முடிந்தால் ஈயம் சரி.