பஸ்ராவின் நீல வெண் பாண்டங்கள்: சீனத் தாக்கமும் ஈராக்கியப் புத்தாக்கமும்

1. ஆய்வுப் பொருள்

கி.பி. 9ஆம் நூற்றாண்டில், அப்பாசியக் கலீபாக்களின் ஆட்சியில், வெண்பூச்சின்மேல் கோபால்ட் நீலம் தீட்டிய பாண்டங்கள் ஈராக்கில் உருவாயின. ராபர்ட் மேசன், எட்வர்ட் கீல் ஆகியோரின் களிமண் ஆய்வு இவற்றின் பிறப்பிடம் பஸ்ரா எனக் காட்டியது. சீனப் பீங்கானின் போலிகள் என்றே இவை பலகாலம் கருதப்பட்டன. வடிவம், பொருள், வண்ணம், சித்திரம் என நான்காகப் பகுத்து நோக்கினால், அம்முடிவு வடிவத்துக்கு மட்டுமே பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. தொடர்புக்கான சான்றுகள்

2.1 சாமர்ரா: 836 முதல் 892 வரை அப்பாசியத் தலைநகர். ஹெர்ட்ஸ்ஃபெல்டும் ஸார்ரேயும் 1911–13இல் நடத்திய அகழாய்வில் சீன வெண்பாண்ட ஓடுகளும் ஈராக்கிய ஓடுகளும் அங்கே கிடைத்தன.

2.2 பெலிதுங் கப்பல்: பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய இம்மேற்காசியக் கலம் 1998இல் இந்தோனேசியக் கடலில் கண்டெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 60,000 சீனப் பாண்டங்கள் இதில் இருந்தன. ஒரு கிண்ணத்தில் 826ஆம் ஆண்டுக்குரிய சீனத் தேதி உள்ளது.

2.3 மாந்தை: இலங்கையின் மன்னார்ப் பகுதியிலுள்ள இத்துறைமுகத்தில் சீன ஓடுகளும் மேற்காசியப் பூச்சுப்பாண்ட ஓடுகளும் கிடைத்துள்ளன. இரு திசைச் சரக்கும் கைமாறிய கடல்வழியில் அது அமைந்திருந்தது.

3. வடிவமும் பொருளும்

விரிந்த வாயும் தாழ்ந்த வளைய அடியும் கொண்ட கிண்ண வடிவம் வடசீனச் சூளைகளிலிருந்து வந்தது. பொருள் அவ்வாறு வரவில்லை. சீனப் பாண்டத்தின் வெண்மை கயோலின் களிமண்ணிலேயே உள்ளது. கடும் வெப்பத்தில் அது இறுகிக் கெட்டிப்படும். பஸ்ராவிலோ சுண்ணாம்பு கலந்த மஞ்சள் மண்தான் உண்டு. அது அத்தகைய வெப்பத்தைத் தாங்காது. ஆகவே குயவர் மண்ணை விடுத்துப் பூச்சின்மேல் கவனம் வைத்தனர். கண்ணாடிப் பூச்சில் வெள்ளீய ஆக்சைடைச் சேர்த்தபோது அதன் நுண்துகள்கள் ஒளியைச் சிதறடித்தன. அடியிலிருந்த மண்ணின் நிறம் மறைந்தது. குறைந்த வெப்பத்திலேயே வெண்மை கைகூடியது.

4. வண்ணமும் சித்திரமும்

முன்மாதிரியான சீன வெண்பாண்டங்களில் ஓவியம் இல்லை. பஸ்ரா ஓவியர்கள் அந்த வெறும் வெண்பரப்பை எழுதுதளமாக்கினர். தீட்டிய கோபால்ட் சூட்டில் பூச்சோடு கலந்து விளிம்புகளில் சற்றே பரவியது. பனையோலை விசிறி வடிவங்கள், மலர்கள், கூஃபி என்னும் அரபு எழுத்துவகையில் ஆசிமொழி, சிலவற்றில் செய்தவர் பெயர் ஆகியவை இடம்பெற்றன. சித்திரத்தில் இஸ்லாமிய மரபே ஓங்கியுள்ளது.

5. எதிர்த்திசைத் தாக்கம்

பெலிதுங் கப்பலில் சீனாவின் கோங்சியன் சூளையைச் சேர்ந்த நீல வெண் தட்டுகள் மூன்று முழுமையாகக் கிடைத்தன. அவற்றிலுள்ள சாய்சதுரமும் இலைக்கொத்தும் மேற்காசியச் சுவைக்கு இசைந்தவை. வாங்குவோரின் விருப்பமறிந்து சீனக் குயவரும் வரைந்தனர் என்பதற்கு இவை சான்று. 14ஆம் நூற்றாண்டில் சீனாவின் ஜிங்தெசென் சூளைகள் பாரசீகக் கோபால்ட்டைக் கொண்டு நீல வெண் பீங்கானைப் பெருவழக்காக்கின.

6. முடிவு

சீனம் தந்தது வடிவமும் வெண்மைக்கான வேட்கையும். அவ்வெண்மையை எட்டும் வழியும் அதன்மேல் எழுதும் துணிவும் பஸ்ராவுக்கு உரியவை. கயோலின் இல்லாத குறையே வெள்ளீயப் பூச்சை முதன்மைப்படுத்தியது. பின்னர் ஸ்பெயின், இத்தாலி வரை சென்ற அந்நுட்பத்தின் வரலாற்றில், பஸ்ராவைப் போலிசெய்த ஊராக அன்றித் தொடக்க நிலைகளுள் ஒன்றாகவே வைக்க வேண்டும்.